தண்ணீரில் குழைத்த சாம்பல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். பலெர்மோவில் நான் போகும் சின்ன அங்கிலிக்கன் கோயிலில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என்னை வைத்திருக்கிறார்கள். அதற்கே அவர்களுக்குக் கோடி நன்றி சொல்லவேண்டும். ஆனால் லெந்து என்கிற தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒருமுறை அவர்கள் எனக்குச் செய்தது அதைவிடப் பெரியது. அதை எழுதிவைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

எங்கள் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை எண்ணக் கைவிரலும் கால்விரலும் போதும். பண்டிகை நாளென்றால் பக்கத்தில் இருப்பவரின் கையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே கலியாணம் கட்டி வயதாகிப்போன சில பெண்கள், கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள், வெயிலுக்கு ஒதுங்குகிற சுற்றுலாக்காரர்கள், பிறகு நான். தமிழென்று சொல்ல நான் ஒருத்திதான். இங்கே இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் அநேகமாகக் கத்தோலிக்கர்கள், அவர்களுக்கென்று பங்குக் கோயில்கள் இருக்கின்றன. நான் யாழ்ப்பாணத்தில் அங்கிலிக்கன் அம்மாவுக்கும் சைவ அப்பாவுக்கும் பிறந்தவள். கட்டினதும் ஒரு சைவரைத்தான். பலெர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் ஒரு சுவரில் சிலுவை, எதிர்ச் சுவரில் பிள்ளையார். இருபது வருஷமாக அவர்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டையெல்லாம் எங்கள் இரண்டு பேருக்குள்தான்.

வார நாட்களில் நான் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கிறேன். குளிக்க வார்ப்பது, ஊட்டுவது, உடுப்புத் துவைப்பது. கோயிலில் நான் செய்வதும் பார்க்கப்போனால் அதே வேலைதான். பீடத்துத் துணிகளைத் துவைத்து மடிக்கிறேன், வெள்ளிக் கிண்ணத்தை மினுக்குகிறேன், பூ வைக்கிறேன். ஆனால் அங்கே என்னை ஒருவரும் ஏவுவதில்லை. கோயில் காரியங்களைப் பார்க்கும் இங்கிலாந்து அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் முடியாமல் போனபோது அவர்தான் இந்தச் சாமான்கள் இருக்கும் அறையின் சாவியை என் கையில் வைத்து, "இனி இது உங்கட பொறுப்பு" என்றார். அவர் சொன்னது இங்கிலிஷில். இங்கே எல்லோர் பேச்சையும் என் தமிழில்தான் எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஊரை விட்டு வந்தபிறகு, சம்பளம் இல்லாமல், நம்பிக்கையின் பேரில் ஒருவர் எனக்குத் தந்த முதல் பொறுப்பு அது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோகும்போது கால் நிலத்தில் படவில்லை.

லெந்து தொடங்குவதற்குச் சில வாரம் முன்பிருந்தே வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் குருவானவர் வகுப்பு வைப்பார். பிஸ்கட்டும் தேநீரும் இருக்கும். நாற்பது நாள் ஏன், சாம்பல் ஏன், ஊதா நிறத் துணி ஏன் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருவார். இங்கிலிஷ் விளங்காதவர்களுக்கு இத்தாலியனிலும் சொல்வார். அந்த வருஷத்து முதல் வகுப்பில், விரதம் என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார். யாழ்ப்பாணத்தாளிடம் போய் விரதத்தைப் பற்றிக் கேட்கலாமா? அம்மாவின் பெரிய வெள்ளி, அப்பாவின் கந்தசஷ்டி, மாமியின் வெள்ளிக்கிழமைகள் என்று பாதி இங்கிலிஷிலும் பாதி இத்தாலியனிலும் நான் தொடங்கினேன். முடிக்க மனம் வரவில்லை. இங்கிலாந்து அம்மா என் கையைத் தொட்டு, "மற்ற ஆக்களும் கதைக்கவேணும், என்ன?" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரியாததை இவர்கள் என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அந்த வகுப்பில் குருவானவர் கொடுத்த குறிப்புத் தாளை ஞாயிற்றுக்கிழமை யாரோ என்னிடம் தந்தார்கள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். வாசிக்கவில்லை.

சாம்பல் தயாரிப்பது அந்த வருஷம்தான் முதன்முதலாக என் பொறுப்பில் வந்தது. போன வருஷத்துக் குருத்தோலை ஞாயிறன்று எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைச் சிலுவைகளைத் திருப்பி வாங்கி, எரித்து, அந்தச் சாம்பலால்தான் லெந்தின் முதல் நாளான சாம்பற் புதனன்று நெற்றியில் சிலுவை இடுவார்கள். போன வருஷம் அந்த ஓலைகளைக் கொண்டுவந்தவர் எங்கள் கோயிலுக்கு வரும் கானா நாட்டுக்காரர் ஒருவர். கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு பணக்கார வீட்டு அம்மாவின், பெரிய தோட்டத்தில் வேலை செய்கிறார். என்னைவிட இளையவர், அதிகம் பேசமாட்டார். கதிரை அடுக்குவதா, ஏணி பிடிப்பதா, கேட்பதற்கு முன்பே வந்து நிற்பார். சிஞ்ஞோராவிடம் கேட்டு வாங்கிய ஓலைகளைத் தோளில் சுமந்து பஸ்ஸில் கொண்டுவந்தவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பால்கனியில் ஒரு பழைய சட்டிக்குள் சிலுவைகளை எரித்தேன். கீழ்மாடிப் பெண் உடுப்புக் காயப்போட்டிருந்தாளாம். இந்தத் தீவுப் பேச்சான சிசிலியானோவில் என் பரம்பரையையே இழுத்தாள், நானும் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறினபிறகு இடித்து, தேநீர் வடியில் இரண்டு தரம் அரித்தேன். என் மனிசன் கோப்பியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, திருநீறு செய்யிறீரோ?"

"இது திருநீறு இல்லை, சாம்பல்."

"ரெண்டும் நெத்திக்குத்தானே. தண்ணி விட்டுக் குழைச்சுப்போட்டு வையும், வடிவா ஒட்டி நிக்கும்."

அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். அப்பா காலையில் குளித்துவிட்டு உள்ளங்கையில் திருநீற்றை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாம்பல் நெற்றியில் எப்படி நிற்கும் என்று எனக்கா தெரியாது? தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் அடைத்து வைத்தேன். பின்னேரம் கோயில் மண்டபத்தில், விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் வழக்கமான பான்கேக் விருந்து. இங்கிலாந்துக்காரர்கள் எலுமிச்சம்புளி பிழிந்து சாப்பிட்டார்கள். நான் எங்கள் ஊர் மாதிரித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்துச் சுருட்டிக் கொண்டுபோனேன், என்னுடையதுதான் முதலில் முடிந்தது. நான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி என்ற நினைப்போடு அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை மத்தியான ஆராதனையில் சிலுவைகள் நெற்றி நெற்றியாகக் கரிக்கட்டியால் எழுதியதுபோல விழுந்தன. மற்ற வருஷங்களில் பாதி மூக்கில் கொட்டும். குருவானவரே, "இந்தமுறை நல்ல கறுப்பு" என்றார். மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று நினைவூட்டும் நாளில் நான் பெருமையில் பூரித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரவர் வேலைக்குப் போனோம்.

மூன்று மணிபோல, நான் பராமரிக்கும் அம்மாவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது நெற்றி எரியத் தொடங்கியது. கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால், கறுப்புப் போன இடத்தில் சிவப்பாக அதே சிலுவை. மிளகாய்த்தூள் பட்டதுபோல எரிந்தது. அதற்குள் கோயில் வாட்ஸ்அப் குழு அலறத் தொடங்கிவிட்டது. நெற்றி நெற்றியாகப் படங்கள். குருவானவர் தன் பெருவிரலைப் படம் எடுத்துப் போட்டிருந்தார், தோல் உரிந்திருந்தது. இங்கிலாந்து அம்மாவின் நெற்றியில் கொப்புளம்.

அவரே என்னைப் போனில் கூப்பிட்டார். "வகுப்பிலை சொன்ன மாதிரி எண்ணெய் விட்டுத்தானே குழைச்சனீங்கள்?"

எண்ணெயா? அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாய் அதற்கு முன்னே போய்விட்டது. "யெஸ், யெஸ். எண்ணெய்தான்."

"அப்ப ஓலையிலைதான் ஏதோ இருந்திருக்கு" என்றார் அவர்.

இந்த ஊரில் சிவப்பு வண்டு வந்து பேரீச்சை, பனை மாதிரி மரங்களையெல்லாம் தின்று தீர்த்தது. மிஞ்சினவற்றுக்கு மருந்து அடிப்பார்கள். ஓலைக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்று குழுவில் ஒருவர் எழுத, ஓம், அதுதான் என்று நாலு பேர் எழுத, யாரும் யாரையும் குற்றம் சொல்லாமலே குற்றம் போய் ஒருவர் தலையில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் கானாக்காரர் எழுதினார்: "என்னை மன்னியுங்கள். நான் விசாரித்துச் சொல்கிறேன்."

அதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர் மன்னிப்புக் கேட்டது என்னிடமும்தான்.

வியாழக்கிழமை கைப்பையிலிருந்து குறிப்புத் தாளை எடுத்து விரித்தேன். எனக்கென்றே எழுதிவைத்தது போல இருந்தது. ஓலைச் சாம்பலோடு ஒலிவெண்ணெய் சில துளிகள், தண்ணீர் ஒருபோதும் வேண்டாம், சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் தோலைச் சுடும். சாம்பல் தண்ணீரில் பழைய காலத்தில் அழுக்குத்துணி ஊறவைத்த ஊரில் பிறந்தவள் நான். அழுக்கை அரிப்பது தோலை அரிக்காதா என்று யோசிக்கவில்லை. நாங்கள் பூசும் திருநீறு வேறு, ஓலையை எரித்த பச்சைச் சாம்பல் வேறு. அந்த வகுப்பில் ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

மனிசன் என் நெற்றியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அப்ப போனை எடுத்துச் சொல்லும்."

"நாளைக்கு வகுப்பிலை நேரிலை சொல்லுறன்."

"அதுவரைக்கும் அந்தக் கானா மனிசன்?"

"உங்கட யோசனையாலைதானே எல்லாம்" என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் சண்டைக்கு வராததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு நேரத்தோடு போனேன். எல்லோர் நெற்றியிலும் ஒரே சிவப்பு. இங்கிலாந்து அம்மா பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார். கானாக்காரரின் கதிரை மட்டும் காலி. குருவானவர் ஜெபித்துவிட்டுச் சொன்னார். கானாக்காரர் தன் சிஞ்ஞோராவிடம் போய், மரங்களுக்கு மருந்து அடித்தீர்களா என்று பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். அந்த மனுஷிக்கு அது, நீ விஷம் வைத்தாய் என்று கேட்டதுபோல இருந்திருக்கிறது. கோயிலில் போய் என் தோட்டத்தைப் பழித்தாயா என்று கத்தி, திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவருடைய பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்கும் நேரம் அது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் எதைக் காட்டுவது? வெளிநாட்டில் பத்திரங்களோடு வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நான் எழும்பி நின்றேன். "ஓலையிலை ஒண்டும் இல்லை. நான் தண்ணி விட்டுக் குழைச்சனான். வகுப்புக்கும் வரேல்லை, தாளையும் வாசிக்கேல்லை. எண்ணெய் எண்டு பொய் சொன்னனான்." எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது, எல்லோருக்கும் விளங்கியது. சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

இங்கிலாந்து அம்மாதான் முதலில் பேசினார். "நான் கேட்டபோதே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாளைக்குக் கோபம் இருந்திருக்கும். இப்ப ரெண்டு நாளைக்கு இருக்கும்." சாவியைச் சுண்டி என் பக்கம் தள்ளினார். "ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஊதாத் துணி தோய்க்கவேணும், மறந்துபோகாதேங்கோ."

அங்கே இருந்த ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுட்ட நெற்றியோடு இருந்தவர்கள் அவர்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைக் குற்றம் செய்யாமலே திட்டியிருக்கிறார்கள். குற்றம் செய்தபிறகும் என்னைத் தங்களோடு உட்காரவைத்தவர்கள் இவர்கள்தான். அந்தக் கடனை நான் தீர்க்கவே முடியாது. குருவானவர் மட்டும், "எங்களுக்குச் சொன்னது நல்லது. ஆனா இதைக் கேக்கவேண்டிய ஆள் மொண்டெல்லோவிலை இருக்கிறா. நானும் கூட வரட்டோ?" என்றார். வேண்டாம், என் வாயால் வந்ததை என் வாயாலேயே சரிசெய்கிறேன் என்றேன்.

அங்கிருந்தே கானாக்காரருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லி, சிஞ்ஞோராவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். "நாளைக்குப் பத்து மணிக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. கோடையில் நிற்க இடமில்லாத மொண்டெல்லோ கடற்கரை மாசி மாதத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. காற்று மணலை அள்ளி முகத்தில் போட்டது. அந்த மாதிரிப் பெரிய கேற்றுகளுக்குள் இருபது வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டே போய்ப் பழகியவள் நான். மணியை அழுத்திய விரல் எனக்கே சொந்தமில்லாததுபோல இருந்தது.

சிஞ்ஞோரா உள்ளே கூப்பிடவில்லை. கேற்றுக்கு வெளியே நிற்கவைத்தே கேட்டாள். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். சிலுவைகளை எரித்தது, தண்ணீர், பொய், அதற்கு அவர் கேட்ட மன்னிப்பு. உங்கள் மரத்திலும் பிழை இல்லை, இவரிலும் பிழை இல்லை, பிழை என்னில்தான் என்றேன். அவள் என் நெற்றியையும் அவர் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவன் உங்களிட்டை மன்னிப்புக் கேட்டானாமே. கேக்கவிட்டுட்டு நீங்கள் பேசாமல் இருந்தனீங்களா?"

"ஓம், இருந்தனான்."

அந்தக் கேள்வியைக் கோயிலில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள். கேட்டது நியாயம். கோபக்காரி கோபக்காரியை அறிவாள்போலும், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை. அவரைப் பார்த்து, "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா, எலுமிச்சை கவாத்து பண்ணவேணும்" என்றாள். "பெர்மெஸ்ஸோவுக்கு என்ன கடுதாசி வேணுமோ அதையும் அண்டைக்கு எடுத்துக்கொண்டு வா." சொல்லிவிட்டுக் கேற்றைச் சாத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். என்னை மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். ரெண்டு நாளா என்ரை மனிசி சாப்பிடேல்லை" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கர்த்தரே, இந்த மனுஷனின் வேலையைத் திருப்பித் தந்தீரே, அது போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். இருந்ததே பக்கத்துப் பக்கத்து இரண்டு இருக்கைகள், அதனால் சேர்ந்து உட்கார்ந்தோம். எதிரே மரக்கறிப் பையோடு ஒரு பலெர்மோக் கிழவி. அவர் நெற்றியைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், திரும்பவும் அவர் நெற்றியைப் பார்த்தாள். இந்த ஊர்க் கிழவிகளுக்குக் கேட்பதற்குக் கூச்சம் கிடையாது.

"என்ன பிள்ளையள், ரெண்டு பேருக்கும் ஒரே இடத்திலை சுட்டிருக்கு?"

அவர் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். அதுவரைக்கும் என்னை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிட்டவர்.

"இவ என்ரை அக்கா" என்றார். "குழைக்கத் தெரியாமல் குழைச்சுச் சுட்டுப்போட்டா."

கிழவி அவர் கறுத்த முகத்தையும் என் முகத்தையும் வைத்து நன்றாக அளந்து பார்த்தாள். "அக்காவோ? ஓமோம், தெரியுது" என்று தலையாட்டினாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தாலியனில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "ஓம்" என்றேன் தமிழிலேயே, "என்ரை தம்பி."